தூண் வளைந்த வருஷம்

சின்ன வயதிலிருந்தே நான் பயந்தாங்கொள்ளி. கரப்பான்பூச்சிக்குப் பயம், கணக்கு டீச்சருக்குப் பயம், மாமல்லபுரத்தில் அலை கொஞ்சம் பெரிதாக வந்தால் பயம். அவையெல்லாம் வந்த வழியே போய்விடும். போகாமல் கூடவே வளர்ந்த பயம் ஒன்று உண்டு. அது என் கண்ணைப் பற்றியது.

மூன்றாம் வகுப்பில் கண்ணாடி போட்டார்கள். வருஷா வருஷம் அது தடித்துக்கொண்டே போனது. பள்ளியில் என் பெயரே சோடாபுட்டிதான். பத்தாம் வகுப்பு படிக்கும்போது கண் டாக்டர் என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துப் பேசினார். இந்த மாதிரிக் கண்ணில் உள்ளே இருக்கும் விழித்திரை இழுபட்டு மெலிந்துவிடும், அதில் எப்போது வேண்டுமானாலும் கசிவு வரலாம் என்றார். "நேரா இருக்கிற கோடு என்னைக்காவது வளைஞ்சு தெரிஞ்சா அன்னைக்கே கூட்டிட்டு வந்துருங்க. தள்ளிப்போட்டா பார்வை போயிடும். போனது திரும்பாது."

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அம்மா என்னைக் கதவு நிலைக்கு முன்னால் நிறுத்தி, "நேரா தெரியுதாட்டி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அப்பா இருவரும் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்து இங்கே வந்து இத்தனை வருஷமாகியும் அம்மாவின் 'ஏட்டி' மட்டும் போகவில்லை. நாளடைவில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். நானும் மறந்துவிட்டேன். மறந்ததோடு நிற்காமல், நாள் முழுக்கக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய ஓவியக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தேன். புத்திசாலி!

எங்கள் கல்லூரியில் காலையில் ஸ்டுடியோ, மதியம் கலை வரலாறு. வாரத்தில் ஒரு நாள் மாமல்லபுரத்துக்குப் போய், ஏதாவது ஒரு குகைக்கு முன்னால் உட்கார்ந்து வரைய வேண்டும். எங்கள் டிராயிங் சாருக்கு ஒரு முறை உண்டு. வரையப்போகும் பொருளை ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அது முன்னே பின்னே இல்லாமல் தாளைப் போலத் தட்டையாகிவிடும், கோடு பிடிபடும். பார்த்ததும் கண்ணைத் திறந்து, இரண்டு கண்ணாலும் தாளைப் பார்த்து வரைய வேண்டும். மூடு, பார், திற, வரை. வகுப்பு முழுக்க ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சுற்றுலா வந்தவர்கள் கல்லை விட்டுவிட்டு எங்களைப் போட்டோ எடுப்பார்கள். நான் எப்போதும் இடது கண்ணைத்தான் மூடுவேன். பழக்கம்.

சாருக்கு என் கோடு பிடிக்காது. "ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி இருக்கும்மா. செத்த கோடு. உனக்குன்னு ஒரு கோடு வரவே மாட்டேங்குது" என்பார். இரண்டு வருஷம் இதையே கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. உனக்கென்று ஒரு கோடு வை என்றால் நான் எங்கே போய் வாங்கி வருவேன்?

மூன்றாம் வருஷம், அடியில் சிங்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு குகைத் தூணை வரைந்தேன். சார் வந்து நின்றார். பிறகு தாளைக் கையில் எடுத்து எல்லோருக்கும் காட்டினார். "இது கோடு! தூண் மூச்சு விடுது பாருங்க." மறுநாளே அதை ஸ்டுடியோச் சுவரில் குத்திவிட்டார்.

நான் ஆகாயத்தில் மிதந்தேன். இறக்கிவிட்டவள், மாமல்லபுரத்துக்கு வடக்கே இருக்கும் கோவளத்துக்காரி. முதல் வருஷத்திலிருந்து என் பக்கத்தில் உட்காருகிறவள், வீட்டில் படகு இருக்கிறது, வாயில் எப்போதும் கிண்டல் இருக்கிறது.

"இன்னாடி இது, தூணு இடுப்ப ஒடிச்சிகினு நிக்குது? டான்ஸ் ஆடப் போவுதா?"

அப்போதுதான் நானும் அதைப் பார்த்தேன். தூணின் நடுவில், ஒரு கை அகலத்துக்கு, கோடு உள்ளே போய் வெளியே வந்திருந்தது. அதை நான் வளைத்துப் போடவில்லை. கண்ணில் பட்டதைத்தான் போட்டேன். உப்புக் காற்றில் தேய்ந்த கல், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் போட்டிருந்தேன்.

பத்தாம் வகுப்பில் டாக்டர் சொன்னது அந்த இடத்தில், அந்தச் சுவருக்கு முன்னால் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கூடக் கழற்றாமல் கதவு நிலையைப் பார்த்தேன். நேராக இருந்தது. ஜன்னல் கம்பி, டியூப் லைட், பீரோ, எல்லாம் நேர். அப்பாடா என்று இருந்தது. ஆனால் அடுத்த வாரம் வரைந்த வேறொரு தூணிலும் அதே வளைவு வந்தது. சார் அதையும் சுவரில் குத்தினார். "இதை விட்டுடாத. வருஷக் கடைசி ரிவ்யூவுக்கு முழு வரிசையும் இந்தக் கோட்டுலதான் வரணும்" என்றார். நான் தலையாட்டினேன். உள்ளங்கை வேர்த்துக் கரித்தூள் பிசுபிசுத்தது.

என் பயத்தைத் தீர்த்து வைத்தது கலை வரலாறு. தீர்த்து வைத்தது என்றுதான் அன்று நம்பினேன். ஆட்களை ரப்பர் போல இழுத்து நீட்டி வரைந்த ஒரு பழைய வெளிநாட்டு ஓவியரின் படங்களை மேடம் திரையில் காட்டினார். அவருக்குக் கண் கோளாறு, அதனால்தான் அப்படி வரைந்தார் என்று சிலர் சொல்வார்களாம். "அது தப்பு" என்றார் மேடம். "கண் கோணலா இருந்தா எதிர்ல நிக்கிற ஆளும் கோணலா தெரிவான், வரைஞ்ச படமும் அதே கோணல்ல தெரியும். ஆளைப் போலவே படம் தெரியற வரைக்கும் வரைவார். கடைசியில படம் நேராத்தான் வந்து நிக்கும். கண்ணுல இருக்கிற கோணல் தாளுக்கு வரவே வராது."

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. கண்ணில் இருக்கிற கோணல் தாளுக்கு வராது. என் தாளில் கோணல் இருக்கிறது. ஆகவே அது என் கண்ணில் இல்லை, என் கையில் இருக்கிறது, அதாவது எனக்கென்று ஒரு கோடு வந்துவிட்டது! அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கோவளத்துக்காரிக்கு நானே மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். டாக்டரை மறுபடியும் மறந்தேன். பயந்தவளுக்கு யாராவது நல்ல வார்த்தை சொன்னால் போதும், அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். நெத்திலி வறுவலோடு சாப்பாடு முடிந்து, இருவரும் கரையில் ஏற்றி வைத்திருந்த படகின் நிழலில் உட்கார்ந்து கடலை வரைய ஆரம்பித்தோம். வழக்கம்போல இடது கண்ணை மூடினேன்.

கடல் கோட்டில் பள்ளம் விழுந்திருந்தது.

தூரத்தில் போன ஒரு படகு நகர்ந்து நகர்ந்து அந்தப் பள்ளத்தருகே வந்து, உடைந்து, உள்ளே இறங்கி, அந்தப் பக்கம் ஏறி வந்தது. கண்ணைத் திறந்தேன். கடல் நேராக இருந்தது. இடதை மூடினேன். பள்ளம். வலதை மூடினேன். நேர். தூண் தேய்ந்திருக்கலாம், கல் உடைந்திருக்கலாம். கடல் எப்படி வளையும்? புதுப் பென்சிலை எடுத்து நீட்டிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். நடுவில் வளைந்திருந்தது. விரலால் உருட்டினேன். பென்சில் உருண்டது, வளைவு உருளவில்லை.

மேடம் சொன்னது சரிதான். ஆனால் அவர் இரண்டு கண்ணாலும் பார்க்கிற ஆளைப் பற்றிச் சொன்னார். நாங்கள் அப்படியா பார்க்கிறோம்? பொருளைப் பார்க்க வலது கண் மட்டும். தாளைப் பார்க்க இரண்டும். தாளைப் பார்க்கும்போது வலது கண்ணின் கோணலை நல்ல இடது கண் நேராக்கிவிடும். தூணைப் பார்க்கும்போது நேராக்க அது திறந்திருப்பதில்லை. சாரின் முறையே என் கண்ணில் இருந்ததை அப்படியே எடுத்துத் தாளில் வைத்திருக்கிறது. அன்று கதவு நிலையையும் நான் இரண்டு கண்ணால்தான் பார்த்தேன்.

"இன்னாத்துக்குடி மூஞ்சி இப்படி வெளிறிப் போச்சு?" என்றாள் அவள்.

சொன்னேன். மதிய வெயிலில் எனக்குக் குளிர் எடுத்ததை இன்றும் நம்ப முடியவில்லை. அவள் கிண்டல் செய்யவில்லை. என் தாளையும் பென்சிலையும் பிடுங்கிப் பையில் திணித்தாள். "எந்திரி. அழுதுகினு குந்தாத. வூட்டுக்குப் போன் போடு, நான் பஸ் ஏத்திவிடறேன்."

அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைக் கதவு நிலைக்கு முன்னால் நிறுத்தி, இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தி, "இப்ப சொல்லு" என்றாள். "வளைஞ்சிருக்கும்மா" என்றேன். பொத்திய கையை எடுக்காமலே அப்பாவைக் கூப்பிட்டாள்.

மறுநாள் காலையில் அப்பா லீவு போட்டுவிட்டு, ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். ஸ்கேன் எடுத்தார்கள். கசிவு இருந்தது. டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "ஊசி போடணும்."

"கையிலயா?" என்று கேட்டேன்.

"கண்ணுல."

அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா எனக்குத் தைரியம் சொல்கிற சாக்கில் பேச்சுக் கொடுத்தார். "நல்லவேளை, சீக்கிரம் வந்துட்ட. நிறையப் பேருக்கு நல்ல கண் மூடி மறைச்சுடும், ரொம்ப நாள் கழிச்சுத்தான் வருவாங்க. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"ஓவியம் படிக்கிறேன் மேடம். ஒரு கண்ணை மூடிக்கிட்டுத்தான் பார்ப்போம்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இந்தப் படிப்பால் ஒரு பிரயோசனம் உண்டு என்று அவள் நினைத்தது அன்றைக்குத்தான்.

ஊசியைப் பற்றி எழுதக் கை வரவில்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார்கள், வலிக்கவில்லை. வலியா பெரிது? அதுவரை எந்தப் பயம் வந்தாலும் நான் செய்த ஒரே காரியம் கண்ணை இறுக மூடிக்கொள்வது. அன்று இமையை ஒரு கம்பி மாட்டித் திறந்து வைத்துவிட்டார்கள். "மேல பாரும்மா, அசையாத" என்றார்கள். மூட முடியாத கண்ணோடு படுத்திருந்தேன். ஏதோ அழுத்தியது. தண்ணீரில் மை சொட்டியது போலக் கறுப்பு சுருள் சுருளாக என் பார்வைக்குள்ளே இறங்கியது. முடிந்தது, அவ்வளவுதான் என்றார்கள்.

கல்லூரியில் நான் யாரிடமும் சொல்லவில்லை. கண் சரியில்லாதவளுக்கு ஓவியம் எதற்கு என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயம். கோவளத்துக்காரியிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன். திரும்பவும் ஊசி போட்டார்கள். கண் மெல்லத் தேற ஆரம்பித்தது. தூணும் மெல்ல நிமிர ஆரம்பித்தது.

ரிவ்யூ அன்று என் தூண்களை வரிசையாகச் சுவரில் மாட்டினேன். சார் முதல் படத்திலிருந்து நடந்து வந்தார். வர வர அவர் முகம் வாடியது. கடைசித் தூண் ஸ்கேல் வைத்தது போல நின்றது.

"நல்லாத்தானே போய்க்கிட்டிருந்தது. அந்தக் கோடு எங்கம்மா போச்சு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஊசி போட்டுச் சரி பண்ணிட்டாங்க சார்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். சிரிக்காமல் நின்ற கோவளத்துக்காரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்தினார். முதல் தூணுக்கு முன்னால் திரும்பப் போய் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மற்றதை. அந்தக் கோடு என் கையில் இல்லை, கண்ணில் இருந்தது என்று அவருக்கு விளங்கிவிட்டது. குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அந்தப் படத்தை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "இப்ப எப்படித் தெரியுது?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு சார்."

என்னை யாரும் அனுப்பவில்லை. அதற்கப்புறம் சார் என் கோட்டைப் பற்றிப் பேசவேயில்லை.

அந்த மிச்சம் போகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அது தழும்பு. புதிதாக எதுவும் வளைகிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லி, கட்டம் போட்ட ஒரு தாள் கொடுத்தார். நடுவில் ஒரு புள்ளி. அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம். காலையில் பல் தேய்த்ததும் அதன் முன்னால் போய் நின்று இடது கண்ணைப் பொத்திக்கொள்வேன். பால் எடுக்க வருகிற மாதிரி அம்மா பக்கத்தில் வந்து நிற்பாள்.

"நேரா தெரியுதாட்டி?"

போன வாரம் ஒரு நாள் உடனே பதில் சொல்ல முடியவில்லை. தழும்புக்குப் பக்கத்துக் கோடு லேசாக அசைந்தது போல இருந்தது. அம்மா இரண்டாம் தரம் கேட்கவில்லை. அவள் கையிலிருந்த பால் பாக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண்ணாடியைக் கழற்றி நைட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். மெதுவாக, ஒவ்வொரு கோடாக.

"நேராத்தாம்மா இருக்கு."

அம்மா அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள். நான் கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கென்று ஒரு கோடு வேண்டாம். எல்லோருக்கும் தெரிகிற இந்தச் செத்த கோடு நாளைக்குக் காலையிலும் எனக்குத் தெரிந்தால் போதும்.