ஆசிட் மக்கில் கரைந்த மகனீசியம்

ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட் வாசம்... புளிப்பும் காரமுமாக மூக்கில் ஏறும். இலங்கையில் தெரணியகலைப் பக்க ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அது வாசமாகவே தெரிவதில்லை. அதுதான் வினையானது.

இருபது வருஷத்துக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். புது வேலை, வாய் மட்டும் நீளம்.

பத்தாம் வகுப்புக்கு சயன்ஸ் இங்கேயே நடத்தலாமா, பிள்ளைகளை டவுனுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய கல்வி ஒபிஸிலிருந்து ஒரு அதிகாரி சேர் என் பாடத்தைப் பார்க்க வந்தார். டவுனுக்கு என்றால் பாதிப் பேர் படிப்பை நிறுத்திவிடுவார்கள். பெற்றோரெல்லாம் வகுப்பின் பின்னால் நின்றார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் நின்றார்.

என்னிடம் இருந்தது விரல் நீள மகனீசிய நாடா ஒன்றே ஒன்று. பீக்கர் காலையிலேயே உடைந்துவிட்டது. ஒரு பிள்ளை வீட்டுக்கு ஓடி மக் ஒன்று கொண்டுவந்தாள்.

நாடாவைக் குறட்டில் பிடித்துக் கொளுத்தினேன். கண் கூசும் வெளிச்சம்... பிறகு வெள்ளைச் சாம்பல்.

"உலோகம் எரிஞ்சா ஒட்சைட்டு. அதைத் தண்ணியில போட்டா சிவப்புப் பாசிச்சாயத்தாள், அதான் லிட்மஸ் தாள், நீலமாகும்" என்று பந்தாவாகச் சொல்லி, மக்கில் கலக்கித் தாளை நனைத்தேன்.

சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

சேர் பேனையைத் திறந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"டீச்சர், அது ஆசிட் அளக்குற மக்குங்க!"

மக் கொண்டுவந்த பிள்ளையின் அம்மா, பேச்சியக்கா. "நேத்து ரப்பர் ஸ்டோர்ல இருந்து என் கையோட வந்துருச்சு. அடியில ரெண்டு சொட்டு இருந்திருக்கும்ங்க."

அந்த ரெண்டு சொட்டுதான் என் ஒட்சைட்டைத் தின்றுவிட்டது.

ஸ்டோர் சாமானை வீட்டுக்குக் கொண்டுபோனால் வேலை போகும். கணக்கப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

குறட்டில் ஒட்டியிருந்த சாம்பலைச் சுரண்டி, என் சாப்பாட்டுப் பெட்டி மூடியில் கரைத்தேன். தாள் மெல்ல நீலமானது.

"ஹரி" என்று சிங்களத்தில் தலையாட்டி, "சயன்ஸ் இங்கயே நடக்கட்டும்" என்றார் சேர்.

கணக்கப்பிள்ளை மறுநாள் பேச்சியக்காவிடம் மக்கை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

இப்போது நான் படிப்பிக்கும் ஸ்கூலில் கண்ணாடி அலுமாரி நிறைய பீக்கர். ஆனாலும் முதலில் வெறும் பாத்திரத்தைத்தான் தாள் நனைத்துச் சோதிப்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பெற்றோர் ஸ்கூல் கேட்டோடு நின்றுவிடுகிறார்கள்... நான் தப்பாகச் செய்தால் பின்னாலிருந்து கத்த ஒரு பேச்சியக்கா இல்லை.