அம்மாவின் போன் கோலும் பக்கத்து வீட்டுப் பூஸ்டரும்

எங்கள் ஒழுங்கையில் போன் டவர் கட்டப் போகிறார்கள் என்றதும், அதற்கு எதிராகக் கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனவர் பக்கத்து வீட்டு அண்ணை. கதிர்வீச்சாம், புற்றுநோயாம். டவர் வரவில்லை. சிக்னலும் வரவில்லை.

எனக்கென்று இருந்தது குசினி ஜன்னலடியில் ஒரேயொரு சிக்னல் கோடு. போன மாதம் அதுவும் போய்விட்டது. பார்க்க வந்த போன் கம்பனிக்காரர் அண்ணையின் கூரையில் நின்ற அன்ரனாவைக் காட்டினார்.

"அவர் தன்ர சிக்னலைக் கூட்ட வைச்ச அந்தப் பூஸ்டர்தான் உங்கட சிக்னலைக் குழப்புது. அனுமதியில்லாத சாமான். கழட்டினால்தான் சரிவரும்."

இன்று காலை அதே அண்ணை மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, கொழும்பில உங்கட தங்கச்சிக்கு ஆம்பிளைப் பிள்ளையாம். உங்களுக்குப் போன் எடுத்து எடுத்துப் பாத்திட்டு அம்மா எனக்கு எடுத்தவ. படமும் அனுப்பியிருக்கிறா. மூக்கு அப்பிடியே உங்கடதான்."

என் தங்கச்சியின் பிள்ளையை எனக்கு முதல் இவர் பார்த்துவிட்டார்.

"அண்ணை, அந்தப் பூஸ்டரைக் கழட்டுங்கோ."

"அது ஏலாது பிள்ளை. மகன் டுபாயில இருந்து அனுப்பினது."

"அப்ப கதிர்வீச்சு?"

"எங்களுக்கு ஒண்டும் செய்யாது. அன்ரனா உங்கட பக்கம்தானே பாத்துக்கொண்டு நிக்குது."

எனக்கு ஆறுதல் சொல்வது போலத்தான் சொன்னார்.

இதை, சிக்னல் கிடைக்கிற அன்புவழிபுரம் சந்தியில் நின்று பேஸ்புக்கில் போடுகிறேன். படம் இப்போதுதான் எனக்கு வந்து சேர்ந்தது. கீழே போட்டிருக்கிறேன்.

மூக்கு என்னைப் போல இல்லை என்று யாராவது சொல்லுங்கள்.