ஏழுக்கும் நாலுக்கும் நடுவே

தெருவில் "வந்துடுச்சு!" என்று யாரோ கத்தியதுமே உம் நஸீஹ் மாவுக் கையோடு ஓடிப்போய் ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே இருக்கும் திருகை ஏழுக்குத் திருப்புகிறாள். அரசு கரண்ட் இருக்கும்போதே குளிரைச் சேர்த்துவைத்துக்கொள்ள வேண்டும். அது போய்த் தெரு ஜெனரேட்டர் உறுமத் தொடங்கினால் மறுபடி நாலு. மீறினால் வீட்டுச் சுவிட்ச் விழுந்துவிடும். பஸ்ராவின் ஆகஸ்டில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் இவள் வீட்டில் அந்தத் திருகை வேறு யாரும் தொடக்கூடாது.

"அந்த ஃப்ரிட்ஜுக்குப் பயப்படுறது ரெண்டே பேரு. ஒண்ணு பூனை, இன்னொண்ணு அவ புருஷன் அபூ நஸீஹ்" என்பாள் பக்கத்து வீட்டுக் கைரிய்யா.

குளிரை அளக்க அவளிடம் கருவி கிடையாது. தயிர்க் கிண்ணத்தில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். ஃப்ரீசரில் இருக்கும் சபூர் மீனை மோதிரத்தால் தட்டுவாள். கல்லைத் தட்டியது போலக் கேட்க வேண்டும். ஸ்வீடனிலிருந்து வரப்போகும் மகனுக்காக வசந்தத்திலேயே வாங்கி வைத்த மீன். "இப்ப தேடினா கிடைக்காது. அங்க அவனுக்குப் பனிதான் கிடைக்கும், மீனா கிடைக்கும்?"

சென்ற வாரம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தாள். கரண்ட் வழக்கத்துக்கு மாறாக மதியம் முழுக்கப் போகாமல் இருந்தது, திருகு ஏழிலேயே. திரும்பி வந்து பார்த்தால் வெள்ளரிக்காய் கண்ணாடியாகக் கிடந்தது. பின்தட்டில் கணவரின் இன்சுலின் குப்பியும் உறைந்திருந்தது.

"உருகினா சரியாப் போயிடும், விடு" என்றார் அபூ நஸீஹ்.

மருந்துக்கடைக்காரர் விடவில்லை. "உறைஞ்சது உறைஞ்சதுதாம்மா, தூக்கிப் போடுங்க. இந்தாங்க, கடையில இதுதான் கடைசிக் குப்பி. உறையவும் கூடாது, சூடாகவும் கூடாது."

கதவுத் தட்டில் வைக்கலாமென்றால் திறக்கும்போதெல்லாம் அனலடிக்கும். கைரிய்யாவின் ஃப்ரிட்ஜோ இதைவிடக் கிழம். மேலே மீன், கீழே மருந்து. இரண்டுக்கும் ஒரே திருகு.

"நீ ஏழுலயே வை. மருந்தை நான் தண்ணியில போட்டு வெச்சுக்கறேன். பையன் நாலு வருஷம் கழிச்சு வர்றான்" என்றார் அபூ நஸீஹ்.

"ஆமா, குழாய்த் தண்ணியிலயே டீ போடலாம் போல கொதிக்குது. அதுல மருந்தைப் போடுறாராம்!"

சொல்லிக்கொண்டே திருகை நாலில் நிறுத்தினாள். அன்று கரண்ட் வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. மடியில் கையைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை மோதிரத்தால் தட்டியபோது மீன் மொத்தென்றது. மகன் வர இன்னும் ஐந்து நாள் இருந்தது.

மதியம் சபூரைப் பிளந்து புளி தடவி அடுப்பில் சுட்டாள். வீடெல்லாம் மணந்தது.

"அவனுக்கு ஒரு துண்டாவது வெச்சிருக்கலாம்" என்றார் அபூ நஸீஹ், தட்டைத் தொடாமல்.

நல்ல முதுகுத் துண்டாக எடுத்து, மயிரிழை முள்ளையெல்லாம் விரல் நுனியால் ஒவ்வொன்றாக உருவிப் போட்டுவிட்டு, வெறும் சதையை அவர் பக்கத்துச் சோற்றின்மேல் வைத்தாள்.