பூவராகவன் படித்த இரண்டாம் பாகம்

கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் புத்தகம் படிக்கிற ஆள் அபூர்வம். அதனால் பூவராகவனை எல்லோருக்கும் தெரியும். பொன்னேரிக்குப் பக்கத்தில் சொந்த நெல் வயல். சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர், பெர்மனென்ட். வயது ஐம்பதைத் தாண்டியவர் படிப்பதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எழுதிய துப்பறியும் கதைகள். கேட்டால், "இதுல அசிங்கம் கெடையாது தலைவரே, மூளைக்கு வேல" என்பார். நான் சங்கம் கட்டிய காலத்தில் கொடுத்த நோட்டீஸ் ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. அதில் வடையின் எண்ணெயை ஒற்றினார்.

அந்த மூளை வேலை செய்த லட்சணத்தைச் சொல்கிறேன்.

அவர் மேசைக்கு எதிரே ஒரு பவர் பிரஸ், இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுகிற மிஷின். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அது இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அப்படிச் செய்தால் டார்கெட் வராது. அதனால் ஒரு பட்டனை அழுத்தி, இடுக்கில் கட்டைத் துண்டைச் செருகிவிடுவார்கள். பிறகு ஒரு கை பட்டனில், இன்னொரு கை தகட்டில். செருகச் சொல்வது சூப்பர்வைசர் பாஸ்கர். செருகுவது காண்ட்ராக்ட் பெண்கள். அப்படித்தான் தமிழ்செல்விக்கு இடது கையில் இரண்டு விரல் போனது. அவளை ஆட்டோவில் ஏற்றுவதற்குள் பாஸ்கர் கட்டையை உருவிப் பாக்கெட்டில் போட்டான். பூவராகவன் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை மற்ற பெண்கள் பார்த்தார்கள்.

கட்டையே கிடையாது, அவளே அஜாக்கிரதையாகக் கையை விட்டாள் என்று கம்பெனி விசாரணை வைத்தது. அவளை வேலையை விட்டுத் தூக்கத்தான். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் விரல் எப்படி நசுங்கும் என்று எந்தக் கோட்டு போட்டவனும் கேட்கவில்லை. காண்ட்ராக்ட் பெண்கள் வாய் திறந்தால் மறுநாள் கேட்டுக்கு வெளியே. சொல்லக்கூடிய ஆள் பூவராகவன் ஒருவர்தான்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்கால ரயிலில், கட்டுப் போட்ட கையோடு தமிழ்செல்வி அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில். அவர் கதையின் இரண்டாம் பாகத்தில் இருந்தார்.

"அண்ணா, நாளைக்கி நீ பாத்தத சொல்லுணா. வேற ஒண்ணும் கேக்கல."

"இரும்மா, இந்தப் பக்கத்த முடிச்சிக்கிறேன்."

முடித்துவிட்டுக் கதை சொல்ல ஆரம்பித்தார். ஹாஸ்டலில் கொலை. முதல் பாகத்தில் தப்பான ஆளைப் பிடித்துவிட்டார்களாம். "வாட்ச்மேன் எல்லாத்தயும் பாத்தான்மா. கொலகாரன் சாவிய கெணத்துல போடறத பாத்துக்கினே நின்னான். வாய தொறக்கல. எனக்கு இன்னா ஆத்திரம் தெரியுமா? அவன் சொல்லியிருந்தா கத அங்கியே முடிஞ்சிருக்கும். இந்த ரெண்டாம் பாகமே தேவயில்ல."

"அவன் ஏன்ணா சொல்லல?"

"பயந்தாங்கொள்ளி. இதுமாரி ஆளுங்களாலதான் எல்லாமே கெட்டுப்போவுது."

தமிழ்செல்வி என் பக்கம் திரும்பினாள். நான் கேட்டேன். "நாளைக்கி நீ இன்னா சொல்லப் போற?"

"நான் கேஜ் வெச்சி அளவு பாத்துக்கினு இருந்தேன் தலைவரே. எனக்கு எதுக்கு பேஜாரு? பொன்னேரி வந்துடுச்சி, வழி வுடுங்க."

பக்கம் மாறிவிடாமல் விரலை நடுவில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் அதையேதான் சொன்னார். தன் சர்வீசில் கட்டை என்று ஒன்றைப் பார்த்ததே இல்லை என்றும் சேர்த்துக்கொண்டார். யாரும் கேட்காமலே. அடிமைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தே பழக்கம். தமிழ்செல்விக்கு வேலை போனது.

மாதக் கடைசியில் சரக்கு அனுப்புகிற டிஸ்பாட்ச் வந்தது. அந்தப் பிரஸ்ஸில் உட்கார ஒரு பெண்ணும் வரவில்லை. பாஸ்கர், "பூவராகவன், வேற ஆள் வர்ற வரைக்கும் நீங்க ஒக்காருங்க" என்றான். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் கை நேராகப் பட்டனுக்குப் போனது. பாஸ்கர் மறுபடியும் செருகி வைத்திருந்த கட்டைத் துண்டை இடுக்கிலிருந்து உருவி மேசையில் வைத்தது. அப்புறம்தான் தகட்டைத் தொட்டார்.

பெருக்கிக்கொண்டிருந்த குப்பாயி துடைப்பத்தோடு வந்து நின்றாள்.

"இன்னா நைனா அது?"

அவர் கட்டையைக் கையால் மூடினார்.

"நீதான் அத பாத்ததே இல்லியே. அங்க கீதுன்னு ஒன் கைக்கு யார் சொன்னது?"

ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பாஸ்கர் கத்திப் பார்த்தான், நிற்கவில்லை. எத்தனையோ கேட் மீட்டிங்கில் போகாத பயம் அந்தச் சிரிப்பில் போனது. அந்த வாரமே அத்தனை பெண்களும் லேபர் ஆபீசர் முன்னால் போய் நின்று, பாஸ்கர் கட்டையை ஒளித்ததையும் பூவராகவன் உருவியதையும் சொன்னார்கள். குப்பாயி அந்தக் கட்டையை மடியில் முடிந்து கொண்டுபோயிருந்தாள். எல்லோரையும் கேட்டில் நிறுத்தினால் சரக்கு போகாது. தமிழ்செல்வியைப் பேக்கிங்கில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

பூவராகவன் இப்போது வேறு பெட்டியில் ஏறுகிறார். ஒருநாள் பிளாட்பாரத்தில் மடக்கி, "அந்த வாட்ச்மேன் இன்னா ஆனான்?" என்று கேட்டேன்.

"கடைசி வரைக்கும் அவன காணோம் தலைவரே" என்றார். எழுதியவர் மேல் கோபமாக.