அவிழ்ப்பது வேறு, அறுப்பது வேறு

திண்டிவனம் மார்க்கெட்டில் மீன்கடை போட்டு, பக்கத்திலேயே கருவாட்டு மண்டி வைத்து, விழுப்புரம் ஜங்ஷனுக்கு ரயிலில் மீன்கூடை ஏற்றி அனுப்பும் அளவுக்கு வந்தவன் நான். யாரும் கைதூக்கி விடவில்லை. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே கட்டுமரம் ஏறினேன். பிறகு தலையில் கூடையோடு திண்டிவனம் வரைக்கும் நடந்து நடந்தே வியாபாரம் பிடித்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட என்னிடம் இருக்கிறது, படுகிறேன்.

ரேடியோ சொல்லும் வானிலையை எங்கள் குப்பத்துக்கு முதலில் கொண்டுபோனவனும் நான்தான். மார்க்கெட்டுக்கு எதிரே அரிசி மில் முதலாளி வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது. சாயங்காலம் அவர் வீட்டு ஜன்னல் ஓரமாகப் போய் நிற்பேன். உள்ளே இருப்பவர்கள் மீன் நாற்றம் என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், ரேடியோவுக்கு மூக்கு கிடையாது. செய்தி முடிந்ததும் காற்று, மழை சொல்வார்கள். வடகிழக்குத் திசையிலிருந்து என்று அவர்கள் படிப்பதை நான் வாடைக்காற்று என்று மாற்றுவேன். தென்மேற்கு என்றால் கச்சான். மறுநாள் மீன் ஏற்றப்போகும் என் வண்டியோடு அந்தச் சேதியும் குப்பத்துக்குப் போகும். நாளடைவில் அங்கே கட்டுமரம் தள்ளுகிறவர்கள் வானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் வண்டியைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

யுத்தம் வந்தது. ரேடியோவில் காற்று, மழை சொல்வதை நிறுத்திவிட்டார்கள். எதிரிக் கப்பலுக்குத் துப்பு கிடைத்துவிடும் என்று மில் முதலாளி காரணம் சொன்னார். குப்பத்துக்கு இந்தக் காரணமெல்லாம் எட்டவில்லை. ரேடியோ பேசுகிறது, பாட்டுப் பாடுகிறது, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் என் தங்கை புருஷன் கருவாட்டு மூட்டையோடு கடைக்கு வந்தான். நல்ல உழைப்பாளி. கோபம் வந்தால் மட்டும் கையில் இருப்பதை வைத்தே அடித்துவிடுவான். நான் ஒரு பெரிய வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன், சுற்றிலும் ஒரே கூட்டம். ரேடியோவில் என்ன சொன்னார்கள் என்று கேட்டான். தலையைத் தூக்காமல், "ஒண்ணும் இல்ல" என்றேன். ரேடியோ ஒன்றும் சொல்லவில்லை என்பது நான் சொன்ன அர்த்தம். புயல் ஒன்றும் இல்லை என்பது அவன் காதில் விழுந்த அர்த்தம். அதை எடுத்துக்கொண்டு அவன் பஸ் ஏறிப் போய்விட்டான்.

மறுநாள் காலை கடையை விரித்துவிட்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்து வந்தேன். தண்ணீர் ஓரத்தில் ஆலாப் பறவைகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. கடலை விட்டு நகராத பறவை அது. அதற்குத் திண்டிவனம் ஏரியில் என்ன வேலை? அப்போதுதான் பிடரியில் காற்று பட்டது. ஐப்பசியில் கடல் பக்கமிருந்து வரவேண்டிய காற்று, மேற்கே செஞ்சிப் பக்கமிருந்து கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. கடலுக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டு கரைக்காற்றை உறிஞ்சுகிறது என்று தெரிந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ரேடியோ வேண்டியதில்லை. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். மீன் வெட்டும் கத்தி இடுப்பிலேயே இருந்தது.

பெட்ரோல் கிடைக்காத காலம், கரிப்புகையில் ஓடும் பஸ். பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. டிரைவர் நிதானமாக பீடி பற்றவைத்தான். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி, எல்லோரையும் இறக்கித் தள்ளவைத்தேன். அப்படியும் குப்பத்துக்குப் போய்ச் சேரும்போது பொழுது உச்சி திரும்பிவிட்டது. ராத்திரி கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகிற மரங்கள் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தன. கரைக்காற்று தேய்த்துவிட்டதால் கரையோரக் கடல் எண்ணெய் தடவின மாதிரி வழவழவென்று கிடந்தது. பார்க்கிறவனுக்கு ஆசை வரும். ஆனால் ஓர் அலை இடித்து அடுத்த அலை இடிக்க வெகுநேரம் ஆனது. இடித்தபோது மணல் அதிர்ந்தது.

என் மாப்பிள்ளை, அதுதான் தங்கை புருஷன், அவன் மரம் கட்டி முடிந்து கரையில் இருந்தது. கையெட்டும் தூரத்தில் அவனுடைய பக்கத்து வீட்டுக்காரன் மரம்.

"போவாத மாப்ள. காத்து தப்பா அடிக்குது."

"நீதான மச்சான் சொன்ன, ரேடியோல ஒண்ணும் இல்லன்னு?"

"ரேடியோக்காரன் ஒண்ணும் சொல்லலன்னு சொன்னேன்யா."

"ரெண்டும் ஒண்ணுதான். நீ போயி யாவாரத்தப் பாரு."

பக்கத்து வீட்டுக்காரன் சிரித்தான். "நாம போவலன்னா மீனு வராது. மீனு வரலன்னா மச்சான் கருவாடு வெல ஏறும். அதான் பஸ்ஸு புடிச்சி ஓடியாந்துகிறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மரத்தைத் தள்ளக் குனிந்தான்.

இந்த இடத்தில் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கட்டுமரம் என்பது கயிற்றால் முன்னும் பின்னும் சேர்த்துக் கட்டிய மரங்கள்தான்; கடலிலிருந்து வந்ததும் அந்தக் கயிற்றுக்கட்டை அவிழ்த்து மரத்தைக் காயப்போடுவது தினசரி வேலை. அவிழ்ப்பது வேறு, அறுப்பது வேறு. மரத்துக்காரன் செத்தால்தான் கட்டை அறுப்பார்கள். அதையும் அவன் பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவன்தான் அறுக்கவேண்டும். அங்கே கயிறு அறுந்த பிறகுதான் வீட்டில் தாலி அறுப்பார்கள்.

கத்தியை எடுத்து முன்கட்டை அறுத்தேன். ஒரே இழுப்பு. நான் தீட்டிய கத்தி. பின்கட்டுக்கு ஓடி அதையும் அறுத்தேன். மரங்கள் விலகி மணலில் தனித்தனியாக உருண்டன.

உயிரோடு நிற்கிற மனிதனுக்கு அவன் மச்சினனே சாவு செய்ததை கரையில் நின்றவர்கள் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

அப்புறம் துடுப்பு என் வலது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது அடி முதுகில், மூன்றாவது எங்கே என்று தெரியாது. நானும் சும்மா இருக்கவில்லை. இடது கையால் அவன் காலை வாரி, வாயில் குத்தினேன். இரண்டு பேரும் ரத்தமும் மணலுமாகப் புரண்டோம். மற்றவர்கள் ஓடிவந்தது விலக்கிவிட இல்லை, உதைக்க. என் தங்கை கூந்தல் அவிழ ஓடிவந்தாள். குனிந்து மணலை அள்ளி என் கண்ணில் வீசினாள்.

"அறுத்துட்டியே அண்ணா. உசுரோட நிக்கறப்பவே அறுத்துட்டியே."

வாரித் தூற்றிக்கொண்டே தாலியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அதையும் நான் பிடுங்கிவிடுவேன் என்பதுபோல. பக்கத்து வீட்டுக்காரன் என் முகத்தில் துப்பிவிட்டு, தன் மரத்தைத் தள்ளிக்கொண்டு போனான். மாப்பிள்ளை போகவில்லை. எதில் போவான்? அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பொழுது சாய்வதற்குள் காற்று திரும்பியது. கூரைகள் பிய்ந்து பறந்தன. பனைமரம் நடுவில் முறிந்து குடிசைமேல் விழுந்தது. கடல் எழுந்து தெருவுக்குள் வந்து ஆட்டையும் கோழியையும் வாரிக்கொண்டு போனது. நான் கத்தியை மட்டும் தேடி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அடிபட்ட இடத்திலேயே கிடந்தேன். என் தோளை உடைத்தவன்தான் வந்து இன்னொரு கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய்க் கல்கோயிலுக்குள் போட்டான். அவன் உதடு நான் குத்தியதில் கிழிந்து தொங்கியது.

போன மரங்களில் ஒன்றும் திரும்பவில்லை.

கடல் அடங்கிய பிறகு ஒரு மரம் கரை ஒதுங்கியது. பக்கத்து வீட்டுக்காரனுடையது. மேலே ஆள் இல்லை, வலை இல்லை, துடுப்பு இல்லை. கட்டு மட்டும் போட்டது போட்டபடி இருந்தது. அவன் கட்டினால் கட்டுதான், கடலாலும் அவிழ்க்க முடியவில்லை. அவன் பெண்டாட்டி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கோயிலுக்கு வந்தாள். தோளில் வேட்டித்துணி சுற்றி உட்கார்ந்திருந்த என் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். அறைந்தாள். முறிந்த தோளிலேயே அடித்தாள். என் தங்கை தடுக்க எழுந்தாள். மாப்பிள்ளை அவளைப் பிடித்து உட்காரவைத்தான்.

"பக்கத்துலதான்டா இருந்துச்சு எங்க மரம்" என்றாள் அவள். "இன்னும் ஒரு கட்டு அறுக்க உனுக்குக் கை வல்லையா?"

இத்தனை காலத்தில் எவனெவனுக்கோ பதில் சொல்லி வாயை அடைத்திருக்கிறேன். தாசில்தாரிடம் சட்டம் பேசியிருக்கிறேன். ஒரு கத்தி, ஒரு கை, துடுப்பு இறங்குவதற்குள் இரண்டு கட்டுதான் அறுக்க முடிந்தது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். அது நிஜம்தான்.

அவளுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. கரையில் அத்தனை ஆண்கள் நின்றார்கள், ஒருவனும் முன்னே வரவில்லை. என்னை மரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனாள். என் இடுப்பிலிருந்து கத்தியை அவளே உருவி என் இடது கையில் வைத்தாள்.

"இப்ப அறு."

ஈரத்தில் ஊறி இறுகிய கயிறு. பழக்கமில்லாத கை. ஒரே இழுப்பில் அறுக்கிறவன் நான், அன்றைக்கு வெகுநேரம் அறுத்தேன். முன்கட்டு முடிந்து பின்கட்டுக்கு நகர்ந்தபோது, அவள் தன் கழுத்திலிருந்த தாலிக்கயிற்றை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டு, என் கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.