பொருத்தமான படம்

மகளின் பிறந்தநாளுக்கு விழுப்புரத்திலிருந்து பிரியாணி எடுத்துக்கொண்டு, திண்டிவனத்தில் இருக்கும் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்குப் போனோம். சாப்பாடு கொண்டுவருகிறவர்களுக்கு அங்கே பிள்ளைகள் முதலில் வாழ்த்துப் பாட வேண்டும். பிரியாணி ஆறிக்கொண்டிருக்க, பாடிவிட்டுச் சாப்பிட்டார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். நான் ஒரு கார்ட்டூன் படத்தையும் கொண்டுபோயிருந்தேன். தாய் தகப்பன் இல்லாத தெருப்பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து, எதிரிகளிடமிருந்து தங்கள் நகரத்தைக் காப்பாற்றும் கதை. இவர்களுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். பெரிய பொருத்தம்.

முடிவில் படத்துக்குள் நகரமே கைதட்டியது. இங்கே நான் ஒருவன்தான் தட்டினேன். முன்வரிசையில் இருந்த சிறுமி கேட்டாள்: "சார், ஊரைக் காப்பாத்திட்டாங்க இல்ல, அப்பறம் அவங்கள வூட்டுக்கு யாரு இட்டுக்கினு போனாங்க?"

"படம் அதோட முடிஞ்சிடுச்சும்மா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு எல்லோரும் வரிசையில் நின்று, பழகிய குரலில் எங்களுக்கு நன்றி சொன்னார்கள். பாதியிலேயே மகள் என் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, வா, வூட்டுக்குப் போலாம்."

பிறந்தநாளும் அதுவுமாக அவள் வாயைப் பொத்தினேன்.