வெயிலில் தெரிந்த பனி

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எங்கள் கொல்லிமலைக்கு அப்போது ரோடு கிடையாது. பிள்ளையாருக்கு மாலை கட்ட எருக்கம்பூ பறித்தவன், பால் வடிந்த கையாலேயே கண்ணைத் தேய்த்துவிட்டேன். வலியே இல்லை. மறுநாள் எழுந்து பார்த்தால், வாசலெல்லாம் வெள்ளைப் பனிமூட்டம். சாமை அறுக்க முடியாதென்று மறுபடியும் படுத்துக்கொண்டேன்.

"பனியா? வெயில் சுள்ளுனு அடிக்குதுங்க!" என்றாள் மனைவி.

கையை முகத்துக்கு நேரே நீட்டினேன். விரல்கள் தெரியவில்லை. அவளிடம் கண்ணைக் காட்டினேன்.

"எருக்கம்பால் பட்டிருக்கும். எங்கப்பனுக்கும் இப்படி ஆச்சுங்க. தானாத் தெளிஞ்சுது, பயப்படாதீங்க" என்று கண்ணைக் கழுவிவிட்டாள்.

சாமையை அவளே அறுத்தாள். நான் வரப்பில் உட்கார்ந்து அரிவாள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாளாக நாளாகத் திரை விலகியது. முதலில் தெரிந்தது அவள் சேலையின் சிவப்பு.

இன்றும் மலையில் பனி இறங்கினால், "ஏம்புள்ள, உனக்கும் தெரியுதா?" என்று கேட்பேன்.

"ஆமாங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் எனக்குப் பனி அழகாகத் தெரியும்.